ரெங்கராஜ் வைத்த பொட்டு

முப்பத்தோரு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்தும் ரெங்கராஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரைப் பற்றி யார் பேசினாலும் இதிலிருந்துதான் தொடங்குவார்கள்.

ராஸ் அல் கைமாவில் கல் ஏற்ற வரும் கப்பல்களைப் பழுது பார்க்கும் யார்டு அது. அவர் அங்கே வெல்டராகச் சேர்ந்து, கடைசி எட்டு வருடம் ஃபோர்மேனாக இருந்தார். இரண்டாயிரத்து நாலில் ஒரு கப்பலின் பக்கவாட்டில் கட்டியிருந்த சாரம் சரிந்து நான்கு பேர் விழுந்தார்கள். வெல்டிங் ராடு தீர்ந்துபோய்ப் புதுப் பாக்கெட் எடுக்க அவர் கீழே இறங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. இன்னொரு முறை கம்பெனி பஸ் லாரியில் மோதியது. அன்று செருப்பு வார் அறுந்து அவர் பஸ்ஸைத் தவற விட்டிருந்தார். யார்டு இரண்டு முறை கை மாறியது. இரண்டு முறையும் ஊருக்கு அனுப்புகிறவர்கள் பட்டியல் ஒட்டினார்கள், இரண்டிலும் அவர் பெயர் இல்லை. அவர் வெல்டு செய்த ஜாயின்ட் எதுவும் எக்ஸ்ரே சோதனையில் தோற்றுத் திரும்பி வந்ததில்லை. கேம்பில் அவருக்கு ராசிக்காரர் என்று பெயர்.

பெயர் வந்த பிறகு ஒரு வழக்கமும் வந்தது. கப்பலின் எந்த டேங்கில் வேலை தொடங்கினாலும் முதல் ஆர்க்கை, வெல்டிங்கின் முதல் பொறியை, ரெங்கராஜ்தான் வைக்க வேண்டும். அவர் ராடை நெற்றியில் ஒரு தடவை தொட்டுக்கொண்டு, பற்ற வைக்கப்போகும் விளிம்பில் ஒரு அங்குலம் ஓட்டிவிட்டு எழுந்து வருவார். அதற்குப் பொட்டு என்று பெயர். பொட்டு வைத்தாகிவிட்டது என்றால் மற்றவர்கள் இறங்குவார்கள். தமிழ் ஆட்கள் மட்டும் இல்லை, பெங்காலிகளும் பட்டாண்களும் காத்திருப்பார்கள். ரெங்கராஜுக்கு இதில் முதலில் கூச்சம் இருந்தது. போகப் போகக் கூச்சம் போய்விட்டது. யாராவது பொட்டுக்கு முன்பு இறங்கினால் முகம் சுருங்கும் அளவுக்கு அவரும் அதை நம்பத் தொடங்கியிருந்தார். நான் அவர் கேங்கில் ஃபிட்டர். அவர் படுக்கைக்குக் கீழ்ப் படுக்கை என்னுடையது. அந்த மாற்றத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

சொந்த ஊர் திருப்புவனம் பக்கம். மனைவி ராக்கம்மா, ஒரே மகள் சங்கீதா. மகளை அக்கா மகன் அன்பரசனுக்கே கட்டிக் கொடுத்தார். அன்பரசனும் வெல்டர். கல்யாணமான ஏழாவது மாதம் அதே யார்டுக்கு விசா எடுத்து மாமனாரே வரவழைத்தார். இரண்டு வருட ஒப்பந்தம், டிசம்பரில் முடியும். அன்பரசன் விமானம் ஏறும்போது சங்கீதா வயிற்றில் ஒரு மாதம். குழந்தை பிறந்ததையும், குப்புற விழுந்ததையும், பல் முளைத்ததையும் அவர் போனில்தான் பார்த்தார்.

லீவு முடிந்து அன்பரசனோடு திரும்பியபோது, விமான நிலையத்தில் அழுத மகளிடம் ரெங்கராஜ் சொன்ன வார்த்தை எங்கள் அறையில் எல்லோருக்கும் தெரியும், அவரே பல முறை சொல்லியிருக்கிறார். "ரெண்டு வருசம். நானும் முடிச்சுட்டு வந்துருவேன். பொங்கலுக்கு மாப்பிள்ளைய என் கையால கூட்டிட்டு வந்து ஒன் வாசல்ல விடுறேன்." அவருக்கு வேறு ஆசை மிச்சம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் சின்னப் பையனாக இருந்த அன்பரசனின் காதை ரெங்கராஜ் திருகியிருக்கிறார், கிணற்று மேட்டில் துரத்திப் பிடித்து அடித்திருக்கிறார், வாடா போடா என்றுதான் கூப்பிட்டார். தாலி கட்டிய நிமிடத்திலிருந்து அது மாறியது. வாங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை. அறையில் அவர் இருந்தால் ரெங்கராஜ் கால் நீட்டி உட்கார மாட்டார். இது எங்கள் ஊர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் எங்கள் வீடுகளில் மாமனார் மாப்பிள்ளைக்கு ஃபோர்மேனாக இருப்பதில்லை.

வந்த புதிதில் ஒரு நாள் அன்பரசன் பெல்ட் மாட்டாமல் சாரத்தில் ஏறினார். ரெங்கராஜ் கீழே நின்று சத்தம் போட்டார்.

"எறங்குங்க கீழ. ஒங்க ஊட்டு மரமா இது? பெல்ட்டு எங்க?"

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிகண்டன் என்று எங்கள் கேங்கில் ஒருவன், எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பவன், "பொண்ணு குடுத்த எடத்துலயே மெமோவும் குடுக்குறாருப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்பரசன் இறங்கி பெல்ட்டை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினார். மூன்று நாள் மாமனாரோடு பேசவில்லை. நான்காம் நாள் ஊரிலிருந்து இரண்டு போன் வந்தது. முதலில் அக்கா. "எம் மகன ஒங்கிட்ட வேலக்காரனாவாடா அனுப்புனேன்?" பிறகு மகள். "அப்பா, தப்புன்னா ரூம்ல வச்சுச் சொல்லுங்க. நாலு பேரு முன்னாடி அவரச் சொல்லாதீங்கப்பா. எனக்காகப்பா."

ரெங்கராஜ் சரி என்றார். சொன்னதைக் காப்பாற்றுகிற மனிதர். அதற்குப் பிறகு அவர் அன்பரசனைப் பிறர் முன்னால் ஒரு முறைகூடத் தடுத்ததில்லை.

அன்பரசனின் ஒப்பந்தம் முடிய இருந்த வருடம் ஜூலையில் ஒரு பழைய கிரேக்கக் கப்பல் வந்தது. கப்பல்காரர்கள் சார்பில் வேலையை மேற்பார்வை பார்க்க ஒரு கிரேக்கர் வந்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். கையில் எப்போதும் ஒரு மணிமாலையை உருட்டிக்கொண்டிருப்பார், சாமிக்காக இல்லை, சும்மா. அவருடைய ஆங்கிலமும் எங்களுடையதைப் போல ஒட்டுப் போட்டதுதான் என்பதால் பேச்சு நன்றாகப் போகும். ஒரு நாள் காலை ஆறு பேர் டேங்க் வாசலில் நிற்பதைப் பார்த்து ஏன் வேலை தொடங்கவில்லை என்று கேட்டார். மணிகண்டன் ரெங்கராஜைக் காட்டி, இவர் ராசிக்காரர், முப்பத்தோரு வருடமாக ஒன்றும் ஆகாதவர், இவர் தொட்டால்தான் நாங்கள் தொடுவோம் என்று பெருமையாகச் சொன்னான்.

கிரேக்கர் உடனே தோள் பக்கம் திரும்பி மூன்று தடவை துப்புவது போலச் செய்தார். எங்களுக்கு அது புரிந்தது, நம் வீட்டிலும் பிள்ளையைப் புகழ்ந்தால் அப்படித்தான் செய்வார்கள். மணிகண்டன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"எங்கள் பழைய ஆட்கள் யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்" என்றார். "இதுவரை நன்றாக இருக்கிறான் என்பார்கள். முழுக் கதையும் முடிந்து ஆளைப் புதைத்த பிறகுதான் பெயர் வைப்பார்கள்."

"ஏன், சாமி கோவிச்சுக்குமா?" என்று மணிகண்டன் கேட்டான்.

"சாமியை விடு. அவர்கள் கடலோடிகள். புயலுக்கு அவர்கள் பயந்ததைவிட, பத்து நாள் தொடர்ந்து வீசும் நல்ல காற்றுக்குப் பயந்தார்கள். புயலில் எல்லோரும் கயிற்றைப் பார்ப்பார்கள். நல்ல காற்றில் ஒருவனும் பார்க்க மாட்டான்." பிறகு ரெங்கராஜைப் பார்த்து, "நீ நல்லவன் போலத் தெரிகிறது. அதுதான் எனக்குக் கவலை. கெட்டவன் விழுந்தால் அதில் பேச ஒன்றும் இல்லை. நல்லவன் அவனுடைய நல்ல குணத்திலேயே ஒரு இடத்தில் கால் தடுக்கி விழுவான்" என்றார்.

அவர் போன பிறகு, "பெருசுக்கு வெயிலு ஏறிருச்சு" என்றான் மணிகண்டன். ரெங்கராஜ் பொட்டு வைக்க இறங்கினார்.

கோடையில் பகல் பன்னிரண்டரை முதல் மூன்று வரை வெயிலில் வேலை கூடாது என்பது சட்டம். அந்த நேரத்தில் யார்டு முழுவதும் நின்றுவிடும். ஜெனரேட்டரை நிறுத்துவார்கள், டேங்குக்குள் காற்று ஊதும் ப்ளோயரும் அதோடு நின்றுவிடும். அதனால் மூன்று மணிக்குத் திரும்பும்போது எந்த டேங்கையும் மறுபடி சோதிக்க வேண்டும். தீப்பிடிக்கும் ஆவி இருந்தால் மணி அடிக்கும் கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, மீட்டர் சரி என்றால்தான் நெருப்பு. அந்த வேலை ஹசன் அலியுடையது. பெஷாவர்க்காரர், நிதானமான மனிதர், அவர் கையெழுத்து இல்லாமல் காலையில் ஒருவரும் இறங்க முடியாது. பகலுக்குப் பிறகு அவருக்கு எப்போதும் நான்கைந்து கப்பல்கள் காத்திருக்கும். அவர் வரத் தாமதமானால் காலையில் பொட்டு வைத்த டேங்குக்குள் ஆட்கள் இறங்கிவிடுவது ஒன்றிரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தது. யாரும் அதை முடிவு செய்யவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது நடந்தது.

ஆகஸ்ட் பதினேழு, அன்பரசன் குழந்தையின் முதல் பிறந்த நாள். ஊரில் மாலை ஆறரைக்குக் கேக் வெட்டுவது, இங்கே ஐந்து மணி, போனில் அப்பாவும் தாத்தாவும் பார்ப்பது என்று ஏற்பாடு. அன்று வேலை அந்தக் கிரேக்கக் கப்பலின் கழிவெண்ணெய் டேங்கில், தடுப்புச் சுவரில் ஒரு விரிசல். டேங்கைக் கழுவித் துடைத்திருந்தார்கள். காலையில் ஹசன் அலி சோதித்துக் கையெழுத்துப் போட்டார், ரெங்கராஜ் பொட்டு வைத்தார், பன்னிரண்டரை வரை அன்பரசன் பற்ற வைத்தார். இன்னும் ஒரு வரிசைப் பற்று, ஒரே ஒரு ரன் பாக்கி.

மூன்று மணிக்குத் திரும்பினோம். டெக்கின் இரும்பு பூட்ஸைத் தாண்டிச் சுட்டது. ப்ளோயரை அப்போதுதான் போட்டார்கள், அதன் துணிக்குழாய் இன்னும் முழுதாக உப்பவில்லை. ரெங்கராஜ் வாக்கிடாக்கியில் ஹசன் அலியைக் கூப்பிட்டார். "ஆதா கண்டா பாய், தூஸ்ரா ஜஹாஸ் பே ஹூன்" என்று பதில் வந்தது. இன்னொரு கப்பலில் இருக்கிறாராம், அரை மணி ஆகும்.

அன்பரசன் வெல்டிங் ஹோல்டரைத் தோளில் போட்டுக்கொண்டு, டேங்குக்குள் இறங்கும் மேன்ஹோல் பக்கத்தில் நின்றார்.

"மாமா, ஒரு ரன்னுதான். இருவது நிமிசம். காலைல நீங்க பொட்டு வச்ச டேங்க்தான? போதும்ல?"

"கேக்கு காத்துக் கெடக்குதுல்ல" என்றான் மணிகண்டன். "மாப்பிள்ளைய மாமனாரு நிறுத்தி வச்சாருன்னா பேத்தி தாத்தாவோட பேசுமா?"

நாங்கள் ஏழு பேர். எல்லோரும் சிரித்தோம். ரெங்கராஜ் மேன்ஹோலைப் பார்த்தார், உப்பிக்கொண்டிருந்த ப்ளோயர் குழாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்ததும் அவர் 'இருங்க' என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவருக்கு டேங்க் தெரியும், எங்கள் யாரையும்விட நன்றாகத் தெரியும்.

"ஒங்க இஷ்டம் மாப்பிள்ளை" என்றார்.

அன்பரசன் இறங்கினார். அப்போது மூன்று மணி ஏழு நிமிடம். நானும் அங்கேதான் நின்றேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பெரிய சத்தம் இல்லை. கனமான துணியை யாரோ உதறியது போல ஒரு ஓசை, பிறகு மேன்ஹோல் வழியாக ஆள் உயரத்துக்கு ஒரு நெருப்பு எழும்பி அடங்கியது. வாசலில் குனிந்து நின்றவர் ரெங்கராஜ். நெருப்பு அவர் முகத்துக்கு முன்னால் போயிற்று. புருவம் கருகியது, அவ்வளவுதான். முதலில் உள்ளே பாய்ந்ததும் அவர்தான். ஏணியின் இரும்பில் அவர் இரண்டு உள்ளங்கைத் தோலும் ஒட்டி உரிந்து வந்தது. தோளில் தூக்கி அன்பரசனை வெளியே கொண்டுவந்தார். அன்பரசன் அப்போது பேசினார். "மாமா, எத்தன மணி?" என்று கேட்டார்.

டேங்கைக் கழுவியும் அடித்தளத்துத் துருச் செதிள்களுக்குக் கீழே கொஞ்சம் எண்ணெய் தங்கியிருந்தது. இரண்டரை மணி நேர வெயிலில் இரும்பு காய்ந்து அந்த எண்ணெய் ஆவியாக எழும்பியிருக்கிறது, வெளியே தள்ளக் காற்று இல்லை. மீட்டரை இறக்கியிருந்தால் அதன் மணி அடித்திருக்கும்.

ஒன்பது நாள். ஆஸ்பத்திரியில் ரெங்கராஜ் கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். யார்டிலிருந்து ஆட்கள் முறை வைத்துப் போய்ச் சாப்பாடு ஊட்டினார்கள். அவரைச் சமாதானப்படுத்த ஒவ்வொருவரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "ஒங்க ராசிக்கு மாப்பிள்ளை பொழச்சுக்குவாருண்ணே." அவர் தலையாட்டினார். அந்த ஒன்பது நாளும் அவர் நம்பினார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பின்னாளில் அந்தக் கிரேக்கர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவருடைய நாட்டுப் பழைய மனிதர்கள் மனிதனைப் பற்றியும் அதிர்ஷ்டத்தைப் பற்றியும் என்ன நினைத்தார்கள் என்று கிடைத்ததைத் தேடிப் படித்தேன். நம்பிக்கையை அவர்களில் சிலர் நன்மைகளோடு சேர்க்கவில்லை, நோயோடும் மூப்போடும் சேர்த்து வைத்திருந்தார்கள். படித்தபோது எனக்கு அந்த நடைபாதைதான் கண்ணில் நின்றது. பத்தாம் நாள் விடியும்போது அன்பரசன் இறந்தார். வயது முப்பது.

உடலோடு ரெங்கராஜ்தான் போவார் என்று நினைத்து டிக்கெட்டுக்கு எழுதியிருந்தார்கள். "நான் போகல. மணி, நீ போ" என்றார். கை ஆறவில்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். மணிகண்டன் போனான். அதற்குப் பிறகு அவன் பழையபடி வாயாடவில்லை, கொஞ்ச காலத்துக்கு.

கம்பெனி விசாரணை வைத்தது. சேஃப்டி என்ஜினியர் ஆங்கிலத்தில் கேட்டார். ஆபீசில் இருக்கும் சுரேஷ்குமார், மதுரைக்காரர், இரு பக்கமும் மொழிபெயர்த்தார். சாட்சி என்று நானும் உட்கார்ந்திருந்தேன்.

"அவரு ஒங்ககிட்ட அனுமதி கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒங்க இஷ்டம்னு சொன்னேன்."

சுரேஷ்குமார் என்ஜினியரிடம் சொன்னார். என்ஜினியர் பேனாவை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார்.

"அண்ணே, எறங்கச் சொன்னீங்களா, வேண்டாம்னு சொன்னீங்களா? தாள்ல ரெண்டு கட்டந்தான் இருக்கு."

"வேண்டாம்னு சொல்லல. சொல்லியிருக்கணும். வேற ஆளா இருந்தா சட்டயப் புடிச்சு இழுத்திருப்பேன்."

"அப்ப இவர மட்டும் ஏன் இழுக்கல?"

ரெங்கராஜ் சுரேஷ்குமாரையே பார்த்தார். "நீங்களும் நம்மூர்தானய்யா" என்றார். "மாப்பிள்ளைய எப்படிய்யா நாலு பேரு முன்னாடி புடிச்சு இழுக்குறது?"

சுரேஷ்குமார் அதை மொழிபெயர்க்கவில்லை.  பிறகு என்ஜினியரிடம் அவராக ஒரு வாக்கியம் சொன்னார். என்ஜினியர் எழுதிக்கொண்டார். ஃபோர்மேன் அனுமதி தரவில்லை, தொழிலாளி தானாக இறங்கினார்.

தாளைப் படித்துக் காட்டியபோது ரெங்கராஜ் எழுந்துவிட்டார். "இது பொய்யி. செத்தவரு மேல போடாதீங்க. நான்தான் விட்டேன்னு எழுதச் சொல்லுங்க."

சுரேஷ்குமார் அவர் காதருகே குனிந்தார். "அண்ணே, அப்படி எழுதுனா கேசு ஒங்க மேல. நீங்க உள்ள போயிட்டா ஒங்க மக மொகத்த யாரு பாக்குறது? அது ஒரு ஆளத் தொலச்சது பத்தாதா?"

கட்டுப் போட்ட கையில் பேனா நிற்கவில்லை. கட்டைவிரலில் மை தடவி வைக்கச் செய்தார்கள்.

சங்கீதாவின் போன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வந்தது. அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். கையில் பிடிக்க முடியாததால் போனைத் தலையணைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். வெளியே போக எழுந்தவனைக் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அப்பா, கையி எப்புடி இருக்கு?"

"ஆறிருச்சும்மா."

"சாப்புடுறீங்களா?"

"சாப்புடுறேன்."

 பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, எறங்குறதுக்கு முந்தி அவரு ஒங்ககிட்ட கேட்டாராப்பா?"

ரெங்கராஜ் என்னைப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு அப்போதே தெரியும். கேட்டார் என்று சொன்னால் ஏன் தடுக்கவில்லை என்று அவள் கேட்பாள். ஏன் என்பதற்குப் பதில் அவளிடமே இருந்தது. நாலு பேர் முன்னாடி அவரைச் சொல்லாதீங்கப்பா, எனக்காகப்பா. அவர் உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் ஆயுசுக்கும் அந்தப் போனை நினைத்துக்கொண்டிருப்பாள்.

"இல்லம்மா" என்றார். "கேக்கல."

"அதான் நெனச்சேன்" என்றாள் அவள். குரல் உடைந்து, ஆனால் ஒரு பாரம் இறங்கியதுபோல. "கேட்டிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க. அவருக்குத்தான் எப்பவும் அவசரம். அத்தையும் அதத்தான் சொல்லி அழுகுது. நீங்களாச்சும் தப்பிச்சீங்களேப்பா. பொங்கலுக்கு வந்துருங்க."

போன் நின்ற பிறகும் அவர் தலையணையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விசாரணைத் தாளில் ஒரு முறை, மகளிடம் ஒரு முறை, இரண்டு முறையும் அன்பரசன் தானாக இறங்கினார் என்று ஆகிவிட்டது. இறந்தவரால் அதை மறுக்க முடியாது, இருப்பவரால் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

கப்பல் புறப்படும் முன்பு கிரேக்கர் எங்கள் சாப்பாட்டு அறைக்கு வந்தார். ரெங்கராஜுக்கு எதிரில் உட்கார்ந்தார், கையில் மாலை இல்லை. இருவரும் டீ குடித்தார்கள். எழும்போது ரெங்கராஜ்தான் கேட்டார். கதை முடிந்தால் பெயர் வைப்பார்கள் என்றீர்களே, இப்போது எனக்கு என்ன பெயர் என்று.

கிரேக்கர் அவர் தோளைத் தொட்டு, "இன்னும் முடியவில்லை" என்றார். ஆறுதல் போலவும் இல்லை, பயமுறுத்தலும் இல்லை. எரிந்த தகட்டில் அளவு பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

டிசம்பரில் ரெங்கராஜின் விசா முடிந்தது. வயது ஐம்பத்தேழு. இந்த வயதில் கம்பெனி நீட்டிப்பது அரிது, ஆனால் அவர் மனுக் கொடுத்தார், இரண்டு வருடம் நீட்டித்தார்கள். ஊருக்கு லீவில்கூடப் போகவில்லை. யார்டில் ஆள் இல்லை, விட மாட்டேன் என்கிறார்கள் என்று மகளிடம் சொன்னார். பொங்கலன்று அவர் வேலைக்குப் போனார். அந்த வாசலில் தனியாகப் போய் நிற்பதற்கு அவரால் முடியாது என்பது எனக்குத் தெரியும். நின்றால் ஒரு நாள் வாய் திறந்துவிடும். கேம்பில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். நெருப்பு முகத்துக்கு முன்னால் போயும் ஒன்றும் ஆகாத மனுஷன், இந்த வயதில் விசாவும் நீட்டித்துவிட்டார்கள், அவர் ராசி அப்படி.

பொட்டு வைப்பதை அவர் விட்டுவிட்டார். புதிதாக வந்த ஒருவன் ராடை நீட்டியபோது அதை வாங்கி முறித்துப் போட்டார். அதற்குப் பதில் இன்னொன்று செய்தார். தினமும் பகல் இடைவேளை முடியும்போது எல்லோருக்கும் முந்திப் போய், மேன்ஹோல் வாயில் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ஹசன் அலி வந்து மீட்டரை இறக்கிச் சரி என்று சொல்கிற வரை எழ மாட்டார். யார் கேட்டாலும் நகர மாட்டார். ஒரு முறை சேஃப்டி என்ஜினியரே வந்து நின்றார், அவரையும் "ருக்கோ" என்று நிறுத்தினார். யாருக்கும் தாட்சண்யம் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்த அந்த ஒரு குணம் அவருக்கு வந்துவிட்டது, சில மாதம் தாமதமாக.

அடுத்த கோடை வந்தது. மறுபடி பன்னிரண்டரைக்கு எல்லாம் நின்று மூன்று மணிக்குத் தொடங்கியது. ஜூலை மாதம் ஒரு நாள், ரெங்கராஜ் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். ஹசன் அலி தூரத்தில் வேறொரு கப்பல் கட்டியிருக்கும் பெர்த்தில் இருக்கிறார், முக்கால் மணி ஆகும் என்று தகவல். ஐந்தாறு பேர் நிழல் தேடி நின்றோம். புதுப் பையன்கள் இரண்டு பேருக்கு மணிகண்டன் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது. "அண்ணன் உக்காந்து எந்திரிச்ச டேங்க்குல இத்தன மாசமா ஒரு பொறி தப்பா விழல, தெரியுமா? நேத்து மூணாம் நம்பர் டேங்க்குல மீட்டரே பார்க்கல. அண்ணன் பாதியில எந்திரிச்சு பாத்ரூம் போனாரு, அவனுக எறங்கிட்டானுக, மீட்டரு பார்த்தாச்சுன்னு அண்ணங்கிட்ட சொல்லிட்டானுக. ஒண்ணும் ஆகலயே."

ரெங்கராஜ் தலையைத் தூக்கினார். நேற்று மூன்றாம் நம்பரில் நடந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மணிகண்டன் அவர் பக்கம் வந்தான். கேலியாக இல்லை, மரியாதையாகத்தான் கேட்டான்.

"அண்ணே, ஹசன் பாய் வர நேரமாகும். நீங்கதான் அர மணியா உக்காந்துட்டீங்களே. போதும்ல?"

ரெங்கராஜ் அவன் முகத்தைப் பார்த்தார்.   இரண்டு கைகளாலும் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையில் புதுத் தோல் மெல்லிசாக, ரேகை இல்லாமல் வளர்ந்திருந்தது, சூடு தாங்காது. பிடியை விடவில்லை. மூன்றே முக்காலுக்கு ஹசன் அலி மீட்டரோடு வந்து, "உட்டோ பாய்" என்று எழச் சொன்னார். எழுந்தால் அதுவும் ஒரு பொட்டு ஆகிவிடும் என்பதுபோல அவர் எழவில்லை. இருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு ஹசன் அலி பக்கத்திலிருந்த இன்னொரு மேன்ஹோல் வழியாக, ப்ளோயர் குழாயை விலக்கி, மீட்டரை இறக்கினார். சரி என்றார். ஆட்கள் அந்த வழியாகவே குனிந்து இறங்கிப் போனார்கள்.

வேலை முடிந்து பஸ் வந்த பிறகு மணிகண்டனும் நானும் போய் அவரை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். நாங்கள் இறங்கும்போது பின்னால் அந்தப் புதுப் பையன்களில் ஒருவன் குனிந்து, அவர் உட்கார்ந்திருந்த பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன். ரெங்கராஜும் பார்த்தார்.